வாங்கப்போகும் வீட்டை யார் கண்கொண்டு பார்ப்பது?

வீடு வாங்குவதற்கு முன் கட்டடப் பரிசோதனை செய்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நாங்கள் வாங்க நினைக்கும் வீட்டை என் மைத்துனர் வந்து பார்த்தார். அவர் 20 ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை செய்பவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கட்டடம்தான், தாராளமாக வாங்கலாம்" என்றார். அதற்கு மேலும் பணம் கொடுத்து ஒரு பொறியாளரை அழைப்பது அவரை அவமதிப்பதாகாதா? பொறியாளர் புதிதாக என்ன பார்த்துவிடப் போகிறார்?

பதில்: உங்கள் மைத்துனரின் கண்ணை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தட்டும்போது எழும் ஓசையைக் கொண்டே பூச்சு சுவரோடு ஒட்டியிருக்கிறதா, விட்டு நிற்கிறதா என்று சொல்லிவிடும் கொத்தனார்களிடம் நானே பாடம் கேட்டிருக்கிறேன். ஆயினும், கட்டுகிறவர் ஒரு வீட்டைப் பார்க்கும்போது அது எவ்வளவு நேர்த்தியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார். பரிசோதகரோ, கட்டி முடித்த நாள் தொடங்கி அந்த வீட்டுக்கு என்னென்ன நேர்ந்திருக்கிறது, அவற்றில் எவை நின்றுவிட்டன, எவை இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன என்று தேடுவார். இந்த இரண்டாவது கேள்விக்கான விடைதான் வாங்குகிறவருக்கு வேண்டியது.

முறையான பரிசோதனை என்பது வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தின் சரிவில் தொடங்கி, அடித்தளத்தின் வெளிப்பகுதி, சுவர்கள், தூண்கள், பீம்கள், தளங்கள், மொட்டைமாடி, கதவு ஜன்னல்கள், மின்இணைப்பு, குழாய்கள், கழிவுநீர்ப் போக்கு, மரச்சாமான்களில் கரையான் தடம் என்று எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் பார்த்து, படங்களுடன் எழுத்தில் அறிக்கை தருவதாகும். நடுத்தர அளவுள்ள ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு "வாங்கலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளிக்கிறவர் பொறியாளராகவே இருந்தாலும் நம்பாதீர்கள். என்ன குறை, எதனால் வந்தது, விட்டுவிட்டால் என்னாகும், சரிசெய்ய என்ன வேலை என்று சொல்வதோடு அவர் பொறுப்பு முடிகிறது. வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

மைத்துனரின் மனம் நோகாமலிருக்க ஒரே வழி, பரிசோதனை நடக்கும் நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு போவதுதான். குறையைச் சரிசெய்ய எவ்வளவு ஆள்கூலி, எவ்வளவு பொருள் ஆகும் என்பதைப் பொறியாளரைவிட அவர் சரியாகச் சொல்வார்.

கேள்வி: பார்த்துவைத்திருக்கும் வீட்டின் சுவர்களில் ஐந்தாறு இடங்களில் விரிசல் இருக்கிறது. "எல்லாம் பூச்சு விரிசல்தான், விரிசல் இல்லாத வீடு எங்கே இருக்கிறது?" என்கிறார் உரிமையாளர். அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. விரிசல் இல்லாத வீடு அரிது. ஆனால் எல்லாம் பூச்சு விரிசல் என்பதை விரிசலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, எந்த முனையில் அகன்றிருக்கிறது, இன்னும் நகர்கிறதா என்ற நான்கையும் பார்க்காமல் ஒரு விரிசலைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதையும் சொல்ல முடியாது.

சிலந்தி வலையைப் போல நாலாபுறமும் பின்னியிருக்கும் மெல்லிய கோடுகள் பூச்சு காய்ந்தபோது சுருங்கியதால் வந்தவை. அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக மேலிருந்து கீழே ஓடுவதும், பீமுக்கு அடியில் கிடையாக ஓடுவதும், கான்கிரீட்டும் செங்கல்லும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் தோன்றுபவை. மேல்தளத்து அறைகளில் கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரைச் சுற்றிக் கிடையாக வரும் விரிசலுக்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம். வெயில் பட்டு விரியும் தளம் சுவரின் மேல்வரிசையையும் தன்னோடு இழுக்கிறது. இதனால் வீடு விழாது, ஆனால் மழைநீர் உள்ளே வர வழி கிடைக்கும்.

என்னை நின்று பார்க்க வைப்பவை வேறு. செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப் போலச் சாய்வாக ஏறி, ஒரு முனையில் மெல்லியதாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும் விரிசல், அதே மூலையில் கதவு நிலையில் உரசுவது, தரையில் வைத்த கோலிக்குண்டு அந்தப் பக்கமாகவே உருள்வது ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால், அந்த மூலையில் அடித்தளம் இறங்கியிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். அப்போது காரணத்தைச் சுவரில் தேடுவதைவிட வெளியே போய்த் தேடுவதே நல்லது. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் நிலமா, சுவரை ஒட்டிப் பெரிய மரம் நின்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறதா, கழிவுநீர்க் குழாய் உடைந்து அடிமண்ணை அரிக்கிறதா, பள்ளத்தை மண்கொட்டி நிரப்பிய மனையா என்று பார்க்க வேண்டும். தூணில் கம்பி செல்லும் நேர்க்கோட்டிலேயே ஓடும் விரிசலும், பீம் தூணில் அமரும் இடத்துக்கு அருகே சாய்வாக வெட்டியதுபோல வரும் விரிசலும் உடனடியாகக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தாக வேண்டியவை. இவற்றில் அகலம் குறைவு என்று ஆறுதல் கொள்ளக் கூடாது.

அகலத்துக்கும் கணக்கு இல்லாமல் இல்லை. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் செங்கல் சுவர்களுக்காக வகுத்த வரிசை பல நாடுகளில் வழக்கிலிருக்கிறது. அதன்படி 0.1 மில்லிமீட்டருக்குள் இருப்பது மயிரிழை விரிசல். 1 மில்லிமீட்டர் வரை உள்ளது வர்ணம் பூசும்போது மறையக்கூடியது. 5 மில்லிமீட்டர் வரை உள்ளதை அடைத்துவிடலாம். 5 முதல் 15 வரை என்றால் சுவரைக் கொத்தித் திருத்த வேண்டும். 15-ஐத் தாண்டினால் சுவரின் பகுதிகளையே மாற்றிக் கட்ட நேரலாம். 25-ஐத் தாண்டினால் கட்டடத்தின் உறுதியே கேள்விக்குரியது. இந்த வரிசையைச் சொல்லும்போதே, அகலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். 20 ஆண்டுகளுக்கு முன் தோன்றி அப்படியே நின்றுவிட்ட 4 மில்லிமீட்டர் விரிசலோடு நான் குடியிருப்பேன். போன ஆண்டு தோன்றி இன்னும் வளரும் 1 மில்லிமீட்டர் விரிசலோடு குடியிருக்கத் தயங்குவேன்.

நகர்கிறதா என்று அறிய, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டுச் சில மாதங்கள் காத்திருப்பது பழைய முறை. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். வாங்குகிறவருக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. ஆகவே நாங்கள் விரிசலின் உட்பக்கத்தைப் பார்க்கிறோம். உள்ளே பழைய வர்ணமும் தூசியும் படிந்து, ஓரங்கள் மழுங்கியிருந்தால் அது பழையது. ஓரங்கள் கூர்மையாகவும் உட்பக்கம் வெளிறியும் இருந்தால் புதியது. எல்லாவற்றையும்விடத் தெளிவான சாட்சி, முன்பு ஒருமுறை அடைத்து வர்ணம் பூசிய விரிசல் அதே கோட்டில் மறுபடியும் வாய் திறந்திருப்பது. உரிமையாளர் அதை மறைத்துப் பார்த்திருக்கிறார், சுவர் கேட்கவில்லை என்பது அதன் பொருள்.

கேள்வி: வீடு முழுக்கப் புது வர்ணம் பூசியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருந்தாலும், எதையோ மறைக்கிறார்களோ என்று மாமியார் சந்தேகப்படுகிறார். புது வர்ணத்துக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: விற்பதற்கு முன் வர்ணம் பூசுவது குற்றமில்லை, பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்கி வைப்பதில்லையா, அதைப் போலத்தான். வீடு முழுவதும் ஒரே சீராகப் பூசியிருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாச் சுவர்களும் பழையதாக இருக்க ஒரு சுவர் மட்டும், அல்லது கூரையில் ஒரு சதுரம் மட்டும் புதிதாக இருந்தால்தான் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறேன். எனினும், உங்கள் மாமியாரின் ஐயம் வீண் என்று சொல்ல மாட்டேன். வர்ணம் மறைக்கக்கூடிய குறைகளில் முதலாவது ஈரம். வீடுகளில் நான் காணும் குறைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் நீரோடு தொடர்புடையவை.

சுவருக்கு ஈரம் வரும் வழிகள் மூன்று. தரையிலிருந்து மேலேறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் போவதில்லை. அது நின்ற உயரத்தில் வெள்ளை உப்புப் பூத்து அலையலையாக ஒரு கோடு தெரியும். பக்கவாட்டிலிருந்து வருவது வெளிச்சுவர் விரிசல், ஜன்னலின் அடிவிளிம்பு, சுவருக்குள் பதித்த குழாய் ஆகியவற்றின் வழியாக வரும். அந்த இடத்தைச் சுற்றி மட்டும் திட்டாகப் பரவியிருக்கும். மேலிருந்து வருவது மொட்டைமாடியிலிருந்தோ மாடிக் குளியலறையிலிருந்தோ இறங்கும். கூரையில் பழுப்பு வளையங்கள் விடும். இந்த மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. தரை ஓதத்துக்கு மொட்டைமாடியில் நீர்க்காப்புப் பூசி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஈரமானி, வெப்பப்படக் கருவி என்று இரண்டு கருவிகளை இப்போது பலரும் கையில் வைத்திருக்கிறார்கள். அவற்றின் படங்கள் அறிக்கைக்குக் கவர்ச்சி தருகின்றன. ஆனால் அவை சொல்வது என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி வைத்த ஈரமானி சுவரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது. காய்ந்துபோன சுவரில் உப்பு மிஞ்சியிருந்தாலும் ஈரம் என்றே காட்டலாம். வெப்பப்படக் கருவி நீரைக் காண்பதில்லை, மேற்பரப்பின் வெப்பநிலையைக் காண்கிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்திருப்பதால் அது வேறு நிறத்தில் தெரிகிறது, நிழல் விழுந்த இடமும் அப்படியே தெரியக்கூடும். இரண்டு கருவிகளும் ஒரே இடத்தைக் காட்டி, அந்த இடத்துக்கு நீர் வர ஒரு வழியும் இருந்தால்தான் அனுபவமுள்ளவர் அதைக் கசிவு என்று எழுதுவார்.

குளியலறைகளுக்குக் கருவியைவிட நம்பகமான முறை ஒன்று உண்டு. வடிகால் வாயை அடைத்து, தரையில் நீரைத் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் கீழ்த்தளத்துக் கூரையைப் பார்ப்பது. இதற்கு உரிமையாளரின் சம்மதமும், கீழே வேறொருவர் குடியிருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். முடிந்தால், நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை வீட்டைப் போய்ப் பாருங்கள். அலமாரிகளும் பீரோக்களும் எந்தச் சுவரை ஒட்டி நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள். ஒருமுறை, அறையின் இயல்பான இடத்தை விட்டு ஜன்னலை மறைத்தபடி நின்றுகொண்டிருந்த ஓர் அலமாரியை நகர்த்தச் சொன்னேன். உரிமையாளர் தயங்கியபோதே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. பின்னால் பூச்சு உப்பாகக் கொட்டியிருந்தது.

கேள்வி: 30 ஆண்டுப் பழைய வீடு. கார் நிறுத்தும் போர்டிகோவின் அடிப்பக்கத்தில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. விலை ஒத்துக்கொண்டால் அதைப் பூசித் தருவதாக உரிமையாளர் சொல்கிறார். ஏற்கலாமா?

பதில்: பூசித் தருவதை மட்டும் ஏற்காதீர்கள். அதைவிட இப்படியே விட்டுவைத்தால் உங்கள் பரிசோதகர் பார்ப்பதற்காவது உதவும்.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய படலமொன்றை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே புகுந்து காரத்தைத் தணிக்கிறது. அந்தத் தணிவு கம்பியின் ஆழத்தை எட்டிய பிறகு, ஈரமும் காற்றும் கிடைத்தால் துருப்பிடிக்கத் தொடங்கும். கடற்காற்றோ, கான்கிரீட் கலந்தபோது பயன்படுத்திய உப்புநீரோ இருந்தால் இதற்கு அவ்வளவு காலம்கூட ஆகாது. இரும்பு துருவாகும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் முதலில் கம்பியின் கோட்டில் வெடிக்கிறது, பிறகு பெயர்ந்து விழுகிறது. மேலே சாந்து பூசினால் துரு நிற்காது. ஓரிரு மழைக்காலம் கழித்து அந்தப் பூச்சையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

உங்கள் பரிசோதகரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இது போர்டிகோவோடு நிற்கிறதா, வீட்டுக்குள்ளும் இருக்கிறதா என்பது. எல்லா அறைகளின் கூரையையும் தட்டிப் பார்த்தால் பெயர்ந்து நிற்கும் இடம் பொள்ளலாக ஒலிக்கும். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி உண்டு. புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் எஞ்சிய பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் இழந்த பகுதி நிறமின்றி நிற்கும். நிறம் மாறாத பகுதி கம்பியைத் தாண்டியிருந்தால் அங்கே பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். ஒலி அலையை ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் வாங்கி, அது செல்லும் வேகத்தைக் கொண்டும் கான்கிரீட்டின் தரத்தை மதிப்பிடுவார்கள், நொடிக்கு 4.5 கிலோமீட்டரைத் தாண்டினால் மிக நன்று, 3-க்குக் கீழே இறங்கினால் ஐயத்துக்குரியது.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940-களின் இறுதியில் உருவாக்கிய, மேற்பரப்பில் மோதித் திரும்பும் சுத்தியல் கருவியைப் பலர் கொண்டுவருவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. காரம் இழந்த பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு இறுகிப்போவதால் அந்தச் சுத்தியல் உண்மையைவிட உயர்ந்த எண்ணையே காட்டும். பழைய வீட்டில் அந்த எண்ணை மட்டும் வைத்து "கான்கிரீட் வலுவாக இருக்கிறது" என்று அறிக்கை எழுதியிருந்தால், வேறு எந்தச் சோதனையோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள்.

பால்கனி இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் தளத்தில் சுமை தாங்கும் முக்கியக் கம்பிகள் மேற்பக்கத்தில் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவது போதாது. சுவரை ஒட்டி மேற்பக்கத் தரையில் நீளவாட்டில் விரிசல் இருக்கிறதா, ஓடுகளுக்கு அடியில் நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கெட்டது போர்டிகோ மட்டும் என்றால், கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவை முழுதும் நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, உரிய கலவையால் மூடும் வேலைக்கு மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லலாம். வேலையை நீங்களே உங்கள் ஆளைக்கொண்டு செய்யுங்கள். அறைகளிலும் பரவியிருந்தால், நானாக இருந்தால் மனையின் விலைக்கு மேல் அந்தக் கட்டடத்துக்கு அதிகம் தர மாட்டேன்.

கேள்வி: நாங்கள் வாங்குவது புத்தம்புது அடுக்குமாடிக் குடியிருப்பு. இதற்கும் பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. பழைய வீடு சில மழைக்காலங்களையாவது தாங்கிக் காட்டியிருக்கிறது. புதிய வீட்டுக்கு இன்னும் அந்தத் தேர்வு நடக்கவில்லை. சாவியை வாங்கும் முன், ஓடுகளின் அடியில் வெற்றிடம், குளியலறைத் தரையின் சரிவு வடிகாலை நோக்காமல் வாசலை நோக்கியிருப்பது, ஜன்னல் விளிம்பில் நீர் உள்ளே வழிவது, மூடாத கதவு, இணைக்காத எர்த் கம்பி, குழாயில் சிமெண்ட் அடைப்பு ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கட்டுநரிடம் எழுத்தில் கொடுத்து, சரிசெய்து முடித்ததை மறுபடி பார்த்துவிட்டுக் கையொப்பம் இடுங்கள். சாவி கைமாறிய பிறகு அதே வேலைக்குப் பத்துமுறை தொலைபேச வேண்டியிருக்கும்.

அடுக்குமாடியில் உங்கள் நான்கு சுவர்களுக்குள் பார்த்தால் மட்டும் போதாது. மொட்டைமாடி, அடித்தள வாகன நிறுத்தம், கீழ்நிலைத் தொட்டி, மின்அறை, பொதுக் கழிவுக் குழாய்கள் எல்லாவற்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. அவற்றின் செலவிலும் பங்கு உண்டு. ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடம் என்றால் கீழ்வீட்டுக்காரர் யாராவது உள்ளே பீமை வெட்டியோ சுமை தாங்கும் சுவரை எடுத்தோ மாற்றியமைத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: தரகரே தெரிந்த பொறியாளர் ஒருவரை ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். உரிமையாளரும் போன ஆண்டு எடுத்த பரிசோதனை அறிக்கை ஒன்றைத் தருகிறார். எங்களுக்குச் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சமாவது பரிசோதனைக் கட்டணம் மட்டுமே. தரகருக்கு வீடு விற்றால்தான் தரகு. அவர் அனுப்பும் பொறியாளருக்கு அடுத்த வேலையும் அவரிடமிருந்துதான் வர வேண்டும். அந்தப் பொறியாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய நேர்மையைச் சோதிக்கும் இடத்தில் உங்கள் சேமிப்பை வைக்க வேண்டியதில்லை. பரிசோதனை நிறுவனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17020 என்ற சர்வதேசத் தரநிலை, அவை எந்த அளவுக்குப் பிறர் சார்பின்றி இயங்குகின்றன என்பதைக் கொண்டே அவற்றை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரிக்கிறது. பரிசோதிக்கும் பொருளை வடிவமைப்பதிலோ விற்பதிலோ வாங்குவதிலோ பராமரிப்பதிலோ எந்தப் பங்கும் இல்லாதவரே ஏ வகையினர். உங்களுக்கு வேண்டியவர் அந்த வகை.

அதே காரணத்தால், குறையைக் கண்டுபிடித்துவிட்டு "நானே சரிசெய்து தருகிறேன்" என்று மதிப்பீடும் நீட்டுகிறவரிடமும் விலகியிருங்கள். 1976-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வீட்டுப் பரிசோதகர்கள் சங்கம், தன் உறுப்பினர் தாம் பரிசோதித்த வீட்டில் ஓராண்டுக் காலம் கூலிக்குப் பழுதுபார்க்கும் வேலை செய்யக் கூடாது என்று ஒழுக்க விதியே வகுத்திருக்கிறது.

உரிமையாளர் தரும் அறிக்கையை மறுக்காமல் வாங்கிப் படியுங்கள். அது அவருக்காக எழுதப்பட்டது, உங்களுக்கு அதன்மேல் உரிமை கோர முடியாது என்பதை மறக்காமல் உங்கள் பரிசோதகரிடம் கொடுங்கள். போன ஆண்டு எழுதிய குறை இந்த ஆண்டு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கேள்வி: கடன் தரும் வங்கியே ஆளனுப்பி வீட்டை மதிப்பிட்டுவிட்டது. அதுவே போதாதா?

பதில்: போதாது. கடன் திரும்பாவிட்டால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு மீட்கலாம் என்பது வங்கியின் கவலை. அந்த மதிப்பீட்டாளர் குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல் போயிருக்கலாம். அதேபோல வழக்கறிஞர் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பார், சுவரைப் பார்க்க மாட்டார்.

கேள்வி: மின்இணைப்பையும் குழாய்களையும் நாங்களே பார்த்துக்கொள்ளலாமா? எல்லா விளக்கும் எரிகிறது, எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருகிறது.

பதில்: விளக்கு எரிவது மின்இணைப்பு நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது, எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும். மூன்று துளை உள்ள பிளக் பாயின்டுகளில் எர்த் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா, அது மண்ணில் முறையாக இறங்குகிறதா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். உயிர் காக்க வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழக்கூடியது. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் கருவி வேலை செய்கிறதா என்பது தெரியும், எர்த் சரியாக இருக்கிறதா என்பது தெரியாது. பழைய அலுமினியக் கம்பியோடு புதிய செம்புக் கம்பியை முறுக்கிச் சேர்த்த இணைப்புகள் தளர்ந்து சூடாகும். அந்தச் சூட்டை வெப்பப்படக் கருவியில் காண வேண்டுமானால் வீட்டின் பெரிய மின்சாதனங்களை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

குழாய்களில் உங்களால் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. இரண்டு மூன்று குழாய்களை ஒரே நேரத்தில் திறந்து, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ மறைவாகக் கசிகிறது. பூட்டிக் கிடந்த வீட்டின் குளியலறையில் நாற்றம் அடித்தால் பதறாதீர்கள். வடிகாலின் வளைவில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீர் நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்க வேண்டும். பயன்படுத்தாததால் அது வற்றியிருக்கலாம். நீர் ஊற்றிய பிறகும் நாற்றம் நீடித்தால்தான் அது குறை.

மொட்டைமாடியில் புதிதாகத் தொட்டி வைத்திருந்தால் எதன் மேல் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 1,000 லிட்டர் நீரின் எடை ஒரு டன். தூண்களின் மேலோ பீம்களின் மேலோ அமர வேண்டிய அந்தச் சுமையைத் தளத்தின் நடுவில் வைத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. 60 பக்கம், நூற்றுக்கு மேற்பட்ட குறைகள். என் மனைவி இந்த வீடே வேண்டாம் என்கிறார். எனக்கோ வீடு பிடித்திருக்கிறது. எப்படி முடிவெடுப்பது?

பதில்: உங்கள் மனைவியின் அச்சம் இயல்பானது, குறைகளை மட்டுமே தேடி எழுதிய ஆவணத்தில் வேறு எதைக் காண முடியும்? நான் குடியிருக்கும் வீட்டைப் பரிசோதித்தாலும் நாற்பது பக்கமாவது வரும். எண்ணிக்கையை விட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அறிக்கையைக் கையில் மூன்று வண்ணப் பென்சில்களோடு படியுங்கள். உயிருக்கு ஆபத்தானவை, கட்டமைப்பையோ நீர்க்காப்பையோ தொடுபவை, மற்றவை என்று பிரித்துக்கொண்டே போனால் தொண்ணூறு குறைகள் மூன்றாவது வண்ணத்தில் விழுந்துவிடும். கதவுத் தாழ்ப்பாளும் தளர்ந்த கைப்பிடியும் வீட்டை வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஆகாது, பேரம் பேசவும் காரணம் ஆகாது. அவற்றையெல்லாம் அடுக்கிக்கொண்டு போய் நின்றால், உண்மையான குறையைச் சொல்லும்போது உரிமையாளர் காதில் வாங்க மாட்டார்.

முதல் இரண்டு வண்ணங்களில் மிஞ்சும் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "படுக்கையறைக் கூரையில் ஈரம்" என்று மட்டும் இருந்தால் பரிசோதகரை அழைத்து, எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதை அறிய மேலும் ஒரு சோதனை வேண்டும் என்றால் அதைச் செய்த பிறகுதான் விலை பேச வேண்டும். காரணம் தெரிந்த குறைக்கு மதிப்பீடு போடலாம். காரணம் தெரியாத குறைக்கு எவ்வளவு தள்ளுபடி கேட்டாலும் அது ஊகம்தான்.

அடுத்து, பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகும் ஒரு பக்கம் இருக்கும்: "பார்க்க இயலாதவை". பூட்டியிருந்த அறை, பொய்க்கூரைக்கு மேற்பகுதி, சாமான் அடைந்த கிடங்கு, மரப்பலகை போர்த்திய சுவர், மூடி திறக்காத செப்டிக் டேங்க் என்று அதில் எழுதியிருப்பார்கள். நூறு குறைகளைவிட அந்தப் பக்கத்தை நான் கவனமாகப் படிப்பேன். சுவரை உடைத்துப் பார்க்கும் உரிமை பரிசோதகருக்கு இல்லாததால் அவர் பார்த்தது கண்ணுக்கு எட்டிய வரைதான். எட்டாத பகுதிக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார், ஏற்கவும் முடியாது. அந்தப் பட்டியலை அப்படியே உரிமையாளரிடம் கொடுத்து, இவற்றை ஒருநாள் திறந்து காட்டும்படி கேளுங்கள். திறந்து காட்டினால் மறுபரிசோதனைக்கு ஒரு மணி நேரம் போதும். காட்ட மறுத்தால், உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: பரிசோதனையை முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்வதா, பின் செய்வதா? நாங்களும் உடன் போக வேண்டுமா?

பதில்: விலை ஏறத்தாழ ஒத்துவந்த பிறகு, பெருந்தொகை கைமாறுவதற்கு முன். இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்தினால், திரும்பப் பெறக்கூடிய சிறு தொகையைக் கொடுத்து, பரிசோதனையில் கட்டமைப்புக் குறை தெரிந்தால் அது திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் வழக்கறிஞரைக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிசோதனை நாளன்று மின்சாரமும் தண்ணீரும் இணைப்பில் இருக்க வேண்டும், எல்லா அறைச் சாவிகளும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவை இல்லாமல் பாதிப் பரிசோதனையோடு திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

உடன் கட்டாயம் போங்கள். முதல் ஒரு மணி நேரம் அவரைத் தனியாக விட்டுவிட்டு, கடைசியில் சேர்ந்து சுற்றி வாருங்கள். மூடவேண்டிய வால்வு எது, முதன்மை மின்விசை எங்கே இருக்கிறது, எந்த விரிசலில் தேதியிட்டு வைக்க வேண்டும் என்று அவர் கைகாட்டும்போது குறித்துக்கொள்ள ஒரு பென்சிலை எடுத்துச் செல்லுங்கள்.